நீலம் போதவில்லை

தொட்டியைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல் துலக்கிய கையோடு மீன்களுக்கு இரை போடலாம் என்று கூடத்துக்கு வந்தவர், இரை டப்பாவை மூடக்கூட மறந்து அப்படியே நின்றுவிட்டார். உள்ளே உயிரோடு வளர்ந்த பவளங்கள் வெளுத்துக் கிடந்தன. முந்தின நாள் வரை கொஞ்சம் சோர்வாகத்தான் தெரிந்தன, பாறையில் இடம் மாற்றி வைத்ததால் இருக்கும் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சமாதானத்துக்கே இடமில்லை. விரல் விரலாக அசைந்துகொண்டிருந்த பச்சைப் பவளம் சுருங்கி, சலவை செய்து போட்ட துணியாகிவிட்டிருந்தது. பாறை உச்சியில் இருந்த ஊதாப் பவளத்தில் சதை போன இடத்தில் எலும்பு தெரிந்தது.

"இங்க வா! சீக்கிரம் வா!" என்று அவர் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். வந்தவள் தொட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். அந்தத் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றுவதும், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவதும், அவர் பட்டறைக்குப் போனபின் மீன்களோடு பேசுவதும் அவள்தான். தொட்டி அவர் பெயரில் இருந்தாலும் வளர்த்தது அவள்.

"நேத்து தண்ணியில என்னத்தையாவது ஊத்தினியா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? எல்லாம் நீங்க மாட்டின விளக்கு வந்ததிலிருந்துதான்."

"விளக்கா? விளக்குதான் போதலைன்னு நான் தலையால அடிச்சுக்கறேன்!"

விளக்கு விஷயம் அந்த வீட்டில் சில வாரங்களாகவே புகைந்துகொண்டிருந்தது. பழைய குழல்விளக்குகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டதும், இனி எல்.இ.டி.தான் என்று மாஸ்டர் முடிவெடுத்தார். முடிவெடுத்த பிறகு அந்த மனிதரைப் பிடித்து நிறுத்துவது லேசான காரியமில்லை. மனைவியையும், தூக்கி வர ஆள் வேண்டுமென்று மச்சினனையும் இழுத்துக்கொண்டு தொட்டிக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரே மாதிரி மூன்று தொட்டிகளின் மேல் மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

"பவளத்துக்கு நீல வெளிச்சம்தான் சாப்பாடு சார். அதுக்குள்ள குட்டிக்குட்டியா பாசி குடியிருக்கு. அது வெளிச்சத்தைத் தின்னு பவளத்துக்கு ஊட்டும். இந்த முதல் விளக்கே உங்க தொட்டிக்கு தாராளம்."

"மங்கலா இருக்கே? மஞ்சளடிக்குது," என்றார் மாஸ்டர்.

கடைக்காரர் விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். இரண்டாவதைப் போட்டார். அதையும் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கித் தள்ளினார். மூன்றாவது, பெரிய பெரிய தொட்டிகளுக்கு உயரத்தில் மாட்டுகிற ராட்சச விளக்கு. அதைப் போட்டதும் கடையின் சுவரெல்லாம் ஊதாவாகிவிட்டது. மனைவி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மாஸ்டர் மட்டும் கண்ணிமைக்காமல் நின்று ரசித்தார்.

"இதுதான் ஏதோ கொஞ்சம் நீலமா இருக்கு."

"அத்தான், இது கண்ணைக் குத்துது," என்றான் மச்சினன்.

"நீ பெயின்ட்டை அடி. கலரை நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் விடவில்லை. வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை இரவல் தருவதாகச் சொன்னார். முதலில் கால்வாசிதான் வைக்க வேண்டும், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். மாஸ்டர் சிரித்தார். "கலர் விஷயத்துல எனக்கு மீட்டர் காட்டாதீங்க. என் பிழைப்பே இந்தக் கண்ணுதான்."

அது வெறும் ஜம்பம் இல்லை. கார் பெயின்ட் பட்டறையில் நிறம் கலக்குபவர் அவர். இடிபட்ட கதவையோ பம்பரையோ மாற்றினால், வண்டியின் மற்ற பாகத்தோடு ஒட்டுப்போட்டது தெரியாதபடி பெயின்ட் கலந்து கொடுக்க வேண்டும். பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுக்கும் கலவை அளவு பாதி தூரம்தான் கூட்டிப்போகும், வெயிலில் நின்று நிறம் மாறிய வண்டிக்கு மீதியைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணுக்காகத்தான் பட்டறையே அவரை மாஸ்டர் என்று அழைத்தது. அவர் கலந்து கொடுப்பதை மச்சினன் அடிப்பான். அவர்தான் அவனை அங்கே சேர்த்துவிட்டவர், அதை வாரத்துக்கு ஒருமுறையாவது அவனுக்கு ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்.

இப்போது அந்த மச்சினனின் வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. ஒரு கருநீலக் கார் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. கதவு ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம் என்று சொந்தக்காரர் பட்டறை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். முதலாளிக்கு மானம் போய்விட்டது. இன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் தப்பு யாருடையது என்று தெரிந்தாக வேண்டும், தெரிந்தால் அந்த ஆளுக்கு நாளை முதல் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு அதில் கடுகளவும் சந்தேகமில்லை. அவர் கலந்த நிறம் சரி. இவன் அடித்ததுதான் கோளாறு. பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியில் காற்றைக் கூட்டி வைத்திருப்பான், அல்லது முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததை ஏற்றியிருப்பான். சொந்த மச்சினன் என்பதற்காகத் தொழிலில் பொய் சொல்ல முடியுமா? தம்பிக்காக மனைவி கண்ணைக் கசக்கியும் பார்த்தாள், கோபித்துக்கொண்டும் பார்த்தாள். அவர் அசையவில்லை.

ஆக, காலையில் பவளம் வெளுத்ததும் அவருடைய கோபம் நேராகத் தொட்டிக்கடைக்காரர் தலையில் இறங்கியது. போனை எடுத்துப் பொரிந்து தள்ளினார். "போலி விளக்கைத் தலையில கட்டிட்டீங்களேய்யா! போட்ட நாளிலிருந்து நீலமே வரலை. இங்க எல்லாம் செத்துக்கிட்டிருக்கு!"

கடைக்காரர் கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டார். கையில் ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றியவர், கூடத்துக்குள் ஒரு கால் வைத்ததுமே கையால் கண்களை மறைத்துக்கொண்டார்.

"சார், இந்த வெளிச்சத்துலயா குடும்பம் நடத்தறீங்க?"

"அப்படிக் கேளுங்க," என்றாள் மனைவி. அவள் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டியிருந்தால் வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள் என்பது எதிர்வீடு வரை தெரிந்த கதை. பைத்தியம் பிடித்துவிட்டதா என்றுகூடச் சிலர் விசாரித்தார்கள். மாஸ்டர் அதையெல்லாம் தன்னைச் சீண்டுவதற்காகச் செய்கிற நாடகம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் முனையை வெளுத்த பவளத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கினார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். பிறகு விளக்கை இயக்குகிற மாஸ்டரின் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெள்ளை கொஞ்சமாக இருந்தது. நீலமும் ஊதாவும் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றன.

"கால்வாசின்னுதானே சார் சொன்னேன்?"

"வச்சுப் பாத்தேன். மங்கலா இருந்துச்சு. அரைவாசி வச்சேன், அப்பவும் சரியா தெரியலை. முழுசா வச்சும் நீலம் போதலைங்கறேன், நீங்க என்னமோ கணக்குக் கேக்கறீங்க!"

"போதலையா?" கடைக்காரர் மீட்டரை அவர் முன்னால் நீட்டினார். "சார், இது நடுப்பகல் சூரியனைக் கொண்டாந்து தொட்டிக்குள்ள வச்ச மாதிரி. பாசி தாங்க முடியாம பவளத்தை விட்டு வெளிய போயிருச்சு. அதான் வெளுத்திருக்கு. விளக்கு நல்ல விளக்குதான். நீங்கதான் சுட்டுட்டீங்க."

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் மீட்டரோடு சண்டை போட முடியாதே. "நீங்களே நல்லா பாருங்க, இதுல நீலம் எங்க இருக்கு?" என்று தொட்டியைக் காட்டினார். நீலம் கூடம் முழுக்க வழிந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, கடைக்காரரின் பல் எல்லாம் நீலம்.

"இந்த வெளிச்சத்துல வெறுங்கண்ணால பாத்தா ஒண்ணும் பிரியாது," என்ற கடைக்காரர் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். மஞ்சள் சில்லு போட்ட சாதாரணக் கண்ணாடிதான். கடையில் பவளம் வாங்க வருகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பாராம். நீலக் கூச்சத்தை அது வடிகட்டிவிடும், நிறம் நிறமாகத் தெரியும். முதலில் மனைவி வாங்கி மாட்டினாள்.

"அடேயப்பா! இப்பத்தாங்க மீன் மீனா இருக்கு. கண்ணாடியை எடுத்தா ஒரே ஊதா, போட்டா பழைய தொட்டி!" கழற்றுவதும் மாட்டுவதுமாக அவள் சின்னப்பிள்ளை போல விளையாடினாள். பவளம் செத்துக்கொண்டிருக்கிறது என்பது ஞாபகம் வந்ததும் கண்ணாடியைக் கணவரிடம் நீட்டினாள்.

மாஸ்டர் மாட்டினார். பார்த்தார். கழற்றினார். பார்த்தார். மறுபடி மாட்டினார்.

"இதுல என்ன இருக்கு? வெறும் கண்ணாடி."

கடைக்காரர் சிரித்தார். அவர் கேலி செய்கிறார் என்றே நினைத்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் எப்போது கேலி செய்வார், எப்போது செய்யமாட்டார் என்று தெரியும்.

"என்னங்க, நிஜமாவா? ரெண்டும் ஒண்ணாவா தெரியுது?"

"ஒண்ணாத்தான் இருக்கு. வேற எப்படித் தெரியும்?"

அவள் கடைக்காரர் கையிலிருந்த போனை வாங்கினாள். ஏதோ செய்தாள். "இப்ப தொட்டியைப் பாருங்க. என்ன மாறியிருக்கு?"

அவர் பார்த்தார். நன்றாக, நிதானமாக, ஒரு வண்டியின் கதவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒண்ணும் மாறலை."

"ஊதாவை அடியோட அணைச்சிட்டேங்க," என்றாள் அவள். "மறுபடி போடறேன், பாருங்க. இப்ப?"

கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மாஸ்டர் வெறித்துக்கொண்டே நின்றார். அவருக்கு எதுவுமே நடக்கவில்லை. மற்ற இருவருக்கும் எரிந்த விளக்கு அவருக்கு எரியவில்லை.

நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார்.

"எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் சார்," என்றார் கடைக்காரர். ஆறுதல் சொல்ல வந்தவரைப் போலத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் மாஸ்டரின் தலையில் சம்மட்டியாக இறங்கியது. "கண்ணுக்குள்ள புரை. முதல்ல மறைக்காதாம், மஞ்சளாத்தான் ஆகுமாம். கொஞ்சம் கொஞ்சமா ஆகறதால அவங்களுக்கே தெரியாதாம். ஆபரேஷன் பண்ணினதும் சட்டையைப் பாத்துட்டு, இது பச்சை இல்லையா நீலமான்னு கேட்டாரு. டாக்டர்கிட்ட காட்டுங்க. சரியாயிரும்."

"சரியாயிடும்னா அப்பாடா," என்று மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. அவள் கவலை கண்ணோடு முடிந்தது.

மாஸ்டருக்கு அங்கேதான் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக என்றால் எவ்வளவு நாளாக? போன மாதமா, போன வருஷமா? அந்தக் கருநீலக் காருக்குக் கலந்த அன்று அட்டையில் தடவி வெயிலில் பிடித்துப் பார்த்து, வண்டியின் நிறத்தோடு அச்சு அசலாக ஒட்டுகிறது என்று அவர்தான் சொன்னார். மச்சினன் பக்கத்தில் நின்று, "நீலம் கொஞ்சம் கூடிப்போச்சோ அத்தான்?" என்று இழுத்தான். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அட்டை ஒட்டியது. அவர் கண்ணுக்கு ஒட்டியது.

இன்னும் சற்று நேரத்தில் அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

"விளக்கைக் குறைங்க," என்றார் கடைக்காரரிடம். "நீங்களே குறைங்க. நான் தொட மாட்டேன்." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். மனைவி பின்னால் ஓடி வந்து சட்டைப் பித்தானைச் சரிசெய்துவிட்டாள். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

பட்டறையில் எல்லோரும் அந்தக் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். காற்றடிக்கும் இயந்திரத்தைக்கூட நிறுத்தியிருந்தார்கள், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதலாளி கதவின் மேல் கை வைத்தபடி நின்றார். மச்சினன் முகக்கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாஸ்டர், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்றார் முதலாளி. "ஆனா இனிமே நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. உங்க மச்சானே ஒத்துக்கிட்டான்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. "என்னத்த ஒத்துக்கிட்டான்?"

"தப்பு அவனோடதுதானாம். காத்தை அதிகமா வச்சு அடிச்சுட்டானாம். கணக்கை முடிச்சுக் குடுங்க, போறேங்கறான்."

தப்பே செய்யாதவன் தப்பை ஒத்துக்கொண்டு நிற்கிறான். காலையிலிருந்து வாங்கிய அடியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஏன்டா?" என்றார்.

மச்சினன் நிமிரவில்லை. "விடுங்க அத்தான்."

"ஏன்டா பொய் சொன்ன? உனக்குத் தெரியுமா? எனக்குக் கண்ணு..."

அவன் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "தொட்டிக்கடையில அந்த ஊதாவைப் பாத்துக் கண்ணை மூடாம நின்னீங்களே, அப்பவே உறுதியாயிருச்சு. அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். எப்படி அத்தான் சொல்லுவேன்? ஊரே உங்க கண்ணைத்தானே கும்பிடுது."

"அப்ப மத்த வண்டி? ஒரு வருஷமா எத்தனை நீலம், எத்தனை வெள்ளை போயிருக்கு. அதெல்லாம் திரும்பி வரலையே?"

மச்சினன் கையிலிருந்த துணியைத் திருகிக்கொண்டே நின்றான். மாஸ்டர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சொல்லுடா!"

"நீங்க கலந்து குடுத்ததை அடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் திருத்திக்குவேன்," என்றான். "நீங்க சாப்பிடப் போற நேரமா பாத்து. இந்த வண்டிக்கு மட்டும் முடியலை. முதலாளி ரெண்டு தடவையும் பக்கத்துலயே நின்னுட்டார்."

மாஸ்டரின் கை தானாக அவன் தோளிலிருந்து நழுவியது. வருஷம் முழுக்க அவருக்குக் கிடைத்த பாராட்டு, வண்டிக்காரர்கள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது, அந்தத் தெம்பில் இவனைப் போட்டு மிதித்தது, எல்லாம் ஒரு நொடியில் சரிந்தது. அழுகை வந்தது. அவர் அதை அடக்கிக்கொள்ளவில்லை. பட்டறை ஆட்கள் மாஸ்டர் அழுது பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மலைத்துப்போய் நின்றார்கள்.

"முதலாளி, இவன் மேல ஒரு தப்பும் கிடையாது," என்றார் உரக்க. "எனக்குத்தான் கண்ணு போச்சு. நீலம் தெரியலை."

முதலாளி நம்பவில்லை. மச்சானைக் காப்பாற்றுகிற பாசம் என்று நினைத்துக்கொண்டு பாதி சிரித்தார். "போங்க மாஸ்டர். உங்களுக்கா நீலம் தெரியாது?"

மாஸ்டர் வாதாடவில்லை. கலக்கும் மேசைக்குப் போய், கருநீலம் தடவிக் காயவைத்திருந்த இரண்டு மாதிரி அட்டைகளை எடுத்தார். அவர் கதவுக்குக் கலந்தது ஒன்று, காரின் உடம்பு நிறத்துக்கு வைத்திருந்தது ஒன்று. இரண்டையும் பிடித்துக்கொண்டு பட்டறையை விட்டு வெயிலுக்கு வந்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். அட்டைகளை நெற்றிக்கு நேராகத் தூக்கி, சாய்த்து, திருப்பி, எத்தனையோ வருஷமாகப் பார்த்த அதே முறையில் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒரே நீலம். முதலாளி அட்டைகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளியின் சிரிப்பு மறைந்தது. அந்த இரண்டு நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் நின்ற காவல்காரருக்கே தெரிந்தது.

மாஸ்டர் மச்சினன் பக்கம் திரும்பி, அட்டைகளை அவனிடம் நீட்டினார்.

"சொல்லு மச்சான். எதுல நீலம் கூட?"

அவன் அட்டைகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இத்தனை நாளில் நிறத்தைப் பற்றி அத்தான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.